மார்ச் லீவில் தெற்கு ஐரோப்பா: நாலு பேர், 13 நாள், ஒன்பது ஊர். முடியுமா?

நெக்கர்க்கரை (பிப்ரவரி 4)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஸ்டுட்கார்ட்டில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். கடைசிப் பரீட்சை மார்ச் 13, ஏப்ரலில் மறுபடி வகுப்பு. நடுவில் இரண்டு வாரம் கிடைக்கிறது. நான், என் அறைத்தோழி (திருநெல்வேலி), வகுப்பில் படிக்கும் கோட்டயத்துப் பையன் ஒருவன், பிரேசில் தோழி ஒருத்தி, ஆக நாலு பேர். எல்லோருக்கும் 27 வயதுக்குள்தான் என்பதால் இன்டர்ரெயில் (ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லும் பயணச்சீட்டு) இளைஞர் பாஸ் கிடைக்கும். இந்தக் குளிரையும் சாம்பல் வானத்தையும் விட்டு எங்காவது வெயில் இருக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

திட்டம் இது: பார்சிலோனா, நீஸ், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், டுப்ரோவ்னிக், ஏதென்ஸ், சாண்டோரினி. மார்ச் 15 கிளம்பி 27 திரும்ப வேண்டும். போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். அறைத்தோழி முட்டைகூடச் சாப்பிட மாட்டாள், அதையும் மனதில் வைத்துச் சொன்னால் நல்லது.

பழைய_பயணி (பிப்ரவரி 4)

தங்கச்சி, வரைபடத்தை ஒருமுறை விரித்து வைத்து ரயில் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பார்சிலோனாவிலிருந்து நீஸ் போக ஒரு பகல் போய்விடும், நீஸிலிருந்து வெனிஸ் இன்னொரு பகல். டுப்ரோவ்னிக்குக்கு ரயில் பாதையே கிடையாது. பதின்மூன்று நாளில் பாதியை ரயிலிலும் ஸ்டேஷனிலும் கழிப்பீர்கள், மீதிப் பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு விடுதி தேடுவீர்கள்.

இன்டர்ரெயிலில் இன்னும் இரண்டு விஷயம். ஜெர்மனிக்குள் அந்த பாஸை இரண்டே பயணத்துக்குத்தான் பயன்படுத்தலாம், வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று. அப்புறம் இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் காசு. நாலு பேர், ஒன்பது ஊர் என்றால் அதுவே ஒரு தொகையாகிவிடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்பெயினையும் பிரான்ஸையும் அப்படியே எடுத்துவிட்டு, முனிச்சிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாகப் பகல் ரயிலில் இத்தாலிக்குள் இறங்குவேன். அந்த ரயிலை இரவில் எடுக்காதீர்கள். 1,370 மீட்டர் உயரத்தில் பனியைப் பார்த்துவிட்டு, மதியம் வெரோனா பக்கம் மேல்சட்டையைக் கழற்றும் சந்தோஷம் தூங்கிக்கொண்டு போனால் கிடைக்காது.

சுற்றும்_காலணி (பிப்ரவரி 5)

மேலே சொன்னதை நான் ஏற்கவில்லை, மன்னிக்கவும் அண்ணா. இவர்கள் கையில் இப்போது ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு இருக்கிறது. ஷெங்கனுக்குள் (பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகளுக்குள்) 180 நாளில் 90 நாள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாளைக்குப் படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டால், ஒரு வாரம் இத்தாலி பார்க்க பேங்க் ஸ்டேட்மென்ட், ஹோட்டல் புக்கிங், விசா அப்பாயின்ட்மென்ட் என்று எத்தனை படியேற வேண்டும் தெரியுமா? நான் இரண்டு தடவை விண்ணப்பித்து இரண்டாவது தடவைதான் கிடைத்தது. கதவு திறந்திருக்கும்போது பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்துவிட வேண்டும். ஒன்பதும் போங்கள். தூக்கத்தை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆலிவ்மரம் (பிப்ரவரி 5)

நான் ஏதென்ஸில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன், கிரீஸ் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் தேதி. மார்ச் 25 கிரீஸின் சுதந்திரப் போர் நாள். அன்று அக்ரோபோலிஸ் (பழைய கோயில்கள் இருக்கும் குன்று) மூடியிருக்கும். இது தெரியாமல் அந்த ஒரு நாளை மட்டும் ஏதென்ஸுக்கு ஒதுக்கி வந்து, மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போன மாணவர்களை நான் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். 24 அல்லது 26 வைத்துக்கொள்ளுங்கள். 25 அன்று சின்டக்மா சதுக்கத்தில் அணிவகுப்பு நடக்கும், தெருவெங்கும் வறுத்த மீனும் பூண்டும் மணக்கும், அதுவும் பார்க்க வேண்டியதுதான்.

சாண்டோரினி மார்ச்சில் வேண்டாம். பிரேயுஸ் துறைமுகத்திலிருந்து சாதாரணக் கப்பலில் எட்டு மணி நேரம். போய் இறங்கினால் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், குளிர்காற்று வேறு. தீவு பார்க்க ஆசை என்றால் எகினா போங்கள், அதே பிரேயுஸிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்தான். பிஸ்தாவுக்குப் பேர்போன தீவு.

சைவத் தோழிக்கு நல்ல செய்தி. அந்தச் சமயம் இங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்பு. நோன்பு பிடிப்பவர்கள் இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள் என்பதால் சாதாரணக் கடையிலும் அதற்கென்று பதார்த்தங்கள் இருக்கும். "நிஸ்டீசிமோ?" என்று கேளுங்கள், நோன்புக்கு ஆகுமா என்று அர்த்தம். ஒன்று மட்டும் கவனம்: இறால், கணவாய் வகை எல்லாம் அவர்கள் கணக்கில் நோன்புக்கு ஆகும். அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலெர்மோத்_தெரு (பிப்ரவரி 6)

தங்கச்சி, ஒருத்தரும் சிசிலியைச் சொல்லவில்லை, எனக்கு மனம் கேட்கவில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பலெர்மோவில் இருபது வருஷமாக இருக்கிறன். இங்க எங்கட ஆக்கள் கனபேர் இருக்கினம். ரோமிலிருந்து இரவு ரயிலில் ஏறினால், விடியப்பறம் வில்லா சான் ஜோவான்னியில் ரயில் பெட்டிகளைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றி மெசினாவில் இறக்குவினம். நீங்கள் பெட்டிக்குள் படுத்தே கடலைக் கடக்கலாம். பலெர்மோவில் பெல்லெக்ரீனோ மலையில் புனித ரோசலியாவின் குகைக்கோயில் இருக்கு. சைவம், வேதம் (கிறிஸ்தவம்) எண்டு பார்க்காமல் எங்கட சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே ஏறுவினம். வந்தால் சொல்லுங்கோ, சோறு கறி எங்கட வீட்டில்.

நெக்கர்க்கரை (பிப்ரவரி 6)

அண்ணா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத எங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள். இந்தத் தடவை சிசிலிக்கு நாள் போதுமா தெரியவில்லை, பேசிவிட்டுச் சொல்கிறேன்.

இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் இருக்கிறது. மறுபடி விசா கிடைக்குமா என்ற பயம் எனக்கும் உண்டு, ஒன்பது ஊரை எழுதி வைத்ததற்கே அதுதான் காரணம்.

கணக்குப்பிள்ளை (பிப்ரவரி 7)

எல்லோரும் ஊரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். நாலு பேர் கையிலும் ஒரே அளவு பணமா இருக்கிறது?

2018-ல் நாங்கள் ஐந்து பேர் போர்ச்சுகல் போனோம். நான்தான் செலவுக் கணக்கு எழுதினேன், எல்லாவற்றையும் ஐந்தால் வகுத்தேன். அதுதான் நியாயம் என்று நினைத்தேன். நாலாவது நாளிலிருந்து ஒருவன் "பசியில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று விடுதியிலேயே தங்கிவிட்டான். உடம்பு சரியில்லை போல என்று விட்டுவிட்டோம். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த மாதம் அவன் வீட்டு வாடகை கட்டவே கடன் வாங்கியிருக்கிறான். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. கேட்டிருக்கலாம், யாருமே கேட்கவில்லை.

ஊர்ப் பட்டியலை மூடி வைத்துவிட்டு முதலில் ஒரு சாயங்காலம் பணத்தைப் பற்றிப் பேசுங்கள். யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவர் தொகைதான் பயணத்தின் தொகை.

நெக்கர்க்கரை (பிப்ரவரி 9)

கணக்குப்பிள்ளை அண்ணா, பேசினோம். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

அறைத்தோழியின் மினி ஜாப் (சின்னப் பகுதிநேர வேலை) டிசம்பரோடு முடிந்துவிட்டது. எனக்கு அது தெரியும், ஆனால் வேறு ஏதோ கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பிளாக்டு அக்கவுண்டிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைத்த வங்கிக் கணக்கு) மாதம் வரும் 992 யூரோதான் அவளுக்கு. அதில்தான் வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம். போன வருஷம் வேலை பார்த்துச் சேர்த்ததில் இருந்து 850 யூரோ வரை எடுக்கலாம், அதற்கு மேல் ஒரு யூரோவும் முடியாது என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிரேசில் தோழிதான் முதலில் பேசினாள், "சரி, அப்படியானால் இது 850 யூரோ பயணம்" என்று. அவ்வளவுதான், முடிந்தது.

புதுத் திட்டம்: பொலோன்யா ஒரு இரவு, ரோம் மூன்று, நேப்பிள்ஸ் மூன்று, தெற்கு இத்தாலியின் துறைமுக ஊரான பாரியிலிருந்து இரவுக் கப்பலில் கிரீஸின் பத்ராஸ், அங்கிருந்து ஏதென்ஸ். திரும்பி வர விமானம். ஒன்பது ஊர் ஐந்தாகிவிட்டது. சுற்றும்_காலணி, உங்கள் வாதத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் எங்களுக்கு இதுதான் சரி என்று படுகிறது.

பழைய_பயணி (பிப்ரவரி 9)

நல்ல முடிவு. கிளம்பும் முன் காகிதங்களைப் பாருங்கள். பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு இரண்டும் அசல் கையில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதிக்கிறது, பிரென்னர் பக்கம் ரயிலிலும் போலீஸ் ஏறும். உங்களில் யாருக்காவது கார்டு காலாவதியாகி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் இடைக்காலச் சான்று மட்டும் இருந்தால், அதில் ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் எந்த உட்பிரிவில் டிக் அடித்திருக்கிறது என்று பாருங்கள். 4 என்றால் வெளியே போய்த் திரும்பலாம். 3 என்றால் அதை வைத்து ஜெர்மனிக்குள் திரும்ப முடியாது. அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை, அதையும் மறக்காதீர்கள்.

இத்தாலியில் "ஷோப்பெரோ" என்ற சொல்லை ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில் பார்த்தால் வேலைநிறுத்தம் என்று அர்த்தம். வார நாளில் வேலைநிறுத்தம் என்றாலும் உள்ளூர் ரயில்கள் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் சிலது கட்டாயம் ஓடும். அந்த நேரத்துக்குள் கிளம்பிவிடுங்கள்.

நெக்கர்க்கரை (ஏப்ரல் 2)

வந்துவிட்டோம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இழை இல்லாமல் இந்தப் பயணம் இப்படி நடந்திருக்காது.

பிரென்னரைப் பற்றி அண்ணா சொன்னது அப்படியே நடந்தது, அதனால் அதை விட்டுவிடுகிறேன். பொலோன்யாவில் முதல் இரவே ஒரு தவறு நடந்தது, அதைத்தான் சொல்ல வேண்டும். அவ்வளவு பேசிவிட்டுக் கிளம்பியும், வந்த உற்சாகத்தில் ஒரு நல்ல உணவகத்தில் உட்கார்ந்துவிட்டோம். மெனுவில் பெரும்பாலும் இறைச்சி. அறைத்தோழி வேகவைத்த காய் ஒரு தட்டும் ரொட்டியும் சாப்பிட்டாள். மேஜையில் உட்கார்ந்ததற்கு ஆளுக்கு ஒரு கட்டணம் வேறு பில்லில் சேர்ந்திருந்தது. மொத்தம் 108 யூரோ, பழக்கதோஷத்தில் நாலால் வகுத்து 27 என்று சொன்னேன். அவள் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள். விடுதிக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்குப்பிள்ளை அண்ணாவின் நண்பர் ஞாபகம் வந்து நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

மறுநாள் காலை ரயிலில் நாலு பேரும் பேசி ஒரு பொதுப்பை வைத்தோம். தங்குவதும் விடுதிச் சமையலும் பஸ் டிக்கெட்டும் பொதுப்பையிலிருந்து. வெளிச்சாப்பாடு, மியூசியம் எல்லாம் அவரவர் காசு. யார் வரவில்லை என்றாலும் "ஏன்" என்று கேட்கக் கூடாது, எங்கே திரும்பச் சந்திப்பது என்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதிதான் மீதிப் பன்னிரண்டு நாளையும் நல்லபடியாகக் கொண்டுபோனது. ரோமில் பிரேசில் தோழி வத்திக்கான் மியூசியம் போன அன்று நாங்கள் மூவரும் தெருத்தெருவாக நடந்தோம். தெருமுனைக் குழாய்களில் தண்ணீர் இலவசமாக ஓடிக்கொண்டே இருக்கிறது, நல்ல குளிர்ச்சி. மூன்று நாளில் ஒரு பாட்டில்கூட வாங்கவில்லை.

ரோமில் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மழை பிடித்ததும் எல்லோரும் கடைகளுக்குள் ஓடினார்கள், கோட்டயத்துப் பையன் "இப்போதுதான் பாந்தியன் போக வேண்டும்" என்று இழுத்துக்கொண்டு போனான். டிக்கெட் ஐந்து யூரோ. அந்தக் குவிமாடத்தின் உச்சியில் ஒன்பது மீட்டர் அகலத்தில் ஒரு திறப்பு இருக்கிறதல்லவா, அது வழியாக மழை நேராக உள்ளே விழுகிறது. 43 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதால் தாரையாக இல்லாமல் பூந்தூறலாகச் சிதறி, வெளிச்சத்தில் மட்டும் தெரிகிறது. தரை நடுவில் லேசாக மேடாக இருப்பதால் தண்ணீர் ஓடிப்போய் சின்னச் சின்னத் துளைகளில் இறங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட 1,900 வருஷமாக அந்தத் துளைகள் வேலை செய்கின்றன. சிவில் படிக்கும் அவன் மண்டியிட்டு ஒவ்வொரு துளையாகத் தொட்டுப் பார்த்தான்.

நேப்பிள்ஸ் கிளம்பும் நாளில் வேலைநிறுத்தம்! பழைய_பயணி அண்ணா சொன்னதை நம்பி ஆறரை மணிக்கே ஸ்டேஷன் போய், ஓடிய முதல் உள்ளூர் ரயிலைப் பிடித்துவிட்டோம். எங்கள் விடுதியில் தங்கியிருந்த இன்னொரு குழு சாயங்காலம் வரை ரோமிலேயே மாட்டிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

நேப்பிள்ஸில் மூன்று நாள் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரே நாள் இருந்திருந்தால் குப்பையும் ஹாரன் சத்தமும்தான் மனதில் நின்றிருக்கும். இரண்டாம் நாளே காய்கறிக் கடைக்காரருக்கு எங்களைத் தெரிந்துவிட்டது. மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது, தக்காளியும் பூண்டும் ஓரிகானோவும்தான், அறைத்தோழி தினமும் அதைத்தான் சாப்பிட்டாள். மார்ச் 19 புனித யோசேப்பு திருநாள், அன்று ஊர் முழுக்க க்ரீம் வைத்த வட்டப் பலகாரம் விற்றார்கள். அதில் முட்டை உண்டு என்பதால் அவளுக்கு ஆகவில்லை.

எரிமலை மூடிய பழைய ஊரான பொம்பெய் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதியாகிவிட்டது. எனக்கு நின்றது தெருக்கல்லில் வண்டிச் சக்கரம் அறுத்த தடங்கள்தான், விரல் வைத்தால் உள்ளே இறங்குகிறது. ஆனால் நேப்பிள்ஸ் தொல்பொருள் மியூசியத்தில் பார்த்ததை அறைத்தோழியே வந்து எழுதட்டும், அது அவளுடைய கதை.

பாரியில் அரை நாள். பழைய நகரத்துக்குள் ஒரு வளைவுக்குப் பக்கத்துச் சந்தில் பெண்கள் வீட்டு வாசலில் மேஜை போட்டு ஓரெக்கியெத்தே பாஸ்தா செய்கிறார்கள். ரவை மாவைக் கயிறாகத் திரித்து, கத்தியால் ஒரு துண்டு வெட்டி அதே கத்தியால் இழுக்க, அது சுருண்டு வர, கட்டைவிரலில் மாட்டிப் புரட்டினால் ஒரு குட்டிக் காது. பேருக்கும் அதுதான் அர்த்தம். ஒரு பாட்டி கத்தியை என் கையில் கொடுத்தார். நான் செய்த நாலும் கிழிந்துவிட்டன. அவர் எதுவும் சொல்லாமல் என் கட்டைவிரலைப் பிடித்துச் சரியான கோணத்தில் வைத்தார், ஐந்தாவது வந்துவிட்டது.

கப்பலில் மலிவான டிக்கெட் எடுத்தோம், அறை கிடையாது. மாடிப்படிக்குப் பின்னால் கம்பளம் விரித்த ஒரு மூலையில் ஸ்லீப்பிங் பேகைப் போட்டுப் படுத்தோம். சுற்றிலும் லாரி ஓட்டுநர்கள். எங்கள் பக்கம் விளக்கு கண்ணில் அடிக்கிறது என்று ஒருவர் தன் கோட்டைக் கழற்றித் தடுப்பாகத் தொங்கவிட்டுப் போனார். விடியும்போது கிரீஸின் இகுமெனிட்சா துறைமுகத்தில் சங்கிலி இழுக்கும் சத்தத்தில் விழித்து மேல்தளம் போனால், மலையெல்லாம் ஊதா நிறத்தில் இருக்கிறது. மதியம் பத்ராஸ் வரும்வரை கெஃபலோனியா, இதாக்கா தீவுகளைப் பார்த்துக்கொண்டே வெயிலில் உட்கார்ந்திருந்தோம். யாரும் போனை எடுக்கவில்லை. நான் தேடிப்போன வெயில் அங்கேதான் கிடைத்தது.

அக்ரோபோலிஸ் 24 அன்று போனோம், ஆலிவ்மரம் அக்காவுக்கு நன்றி. 25 அணிவகுப்பு, 26 எகினா.

சுற்றும்_காலணி (ஏப்ரல் 2)

இரண்டு தடவை படித்தேன். கப்பல் பகுதியைப் படித்தபோது, நான் பதினோரு நாளில் எட்டு ஊர் பார்த்த பயணத்தில் இப்படி உட்கார்ந்த நேரம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன், மீதி ஊர்களையும் கார்டு கையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். பார்சிலோனா செப்டம்பரில்கூடப் போகலாம்.

மார்னிங்_பஸ் (ஏப்ரல் 3)

பத்ராஸிலிருந்து ஏதென்ஸ் எப்படிப் போனீர்கள்? நாங்கள் அக்டோபரில் போகிறோம்.

நெக்கர்க்கரை (ஏப்ரல் 3)

ஊர்களுக்கு இடையே ஓடும் பஸ்தான், நேராக ஏதென்ஸ் போகிறது, மூன்று மணி நேரம் போல. துறைமுகம் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது, பஸ் நிலையத்துக்குப் போக நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கப்பல் ஏறியதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்திவிடுங்கள், கிரீஸ் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முந்தியது.

அரிசிப்பை (ஏப்ரல் 4)

நான்தான் அந்த அறைத்தோழி. இங்கே கணக்கு இல்லாமல் இருந்தேன், இதற்காகவே தொடங்கினேன்.

நேப்பிள்ஸ் மியூசியத்தில் (செவ்வாய்க்கிழமை மூடல், பார்த்துப் போங்கள்) ரகசிய அறை என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் ஒரு கண்ணாடிப் பெட்டியில் தந்தத்தில் செய்த பெண் உருவம், ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு பக்கமும் குட்டித் தோழிகள். காலில் தண்டை தண்டையாக அடுக்கியிருக்கிறது, கையிலும் முழங்கை வரை வளையல். 1938-ல் பொம்பெய் வீடொன்றில் எடுத்தது. லட்சுமி என்று பேர் வைத்துவிட்டார்கள், யட்சியாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். கி.பி. 79-ல் எரிமலை அந்த ஊரை மூடுவதற்கு முன்பே நம் பக்கத்துக் கப்பல் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தவள். அந்தத் தண்டைகளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஆச்சியின் கால் ஞாபகம் வந்துவிட்டது. வெகுநேரம் நின்றேன். மற்ற மூவரும் வெளியே காத்திருந்தார்கள், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏதென்ஸில் "நிஸ்டீசிமோ" கேட்டு வாங்கியதில் ஃபாவா என்று ஒன்று வந்தது. மஞ்சள் பருப்பைக் குழைய மசித்து, மேலே ஆலிவ் எண்ணெய், பச்சை வெங்காயம், எலுமிச்சை. மூன்று நாளும் அதையேதான் சாப்பிட்டேன். ஆலிவ்மரம் அக்கா, அதற்கு எந்தப் பருப்பு, கடையில் என்ன பேர் சொல்லி வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

எனக்கு மொத்தச் செலவு 838 யூரோ, பாஸும் விமானமும் சேர்த்து. பொதுப்பையில் 61 யூரோ மிச்சம் இருக்கிறது. பிரிக்க வேண்டாம் என்று நாலு பேரும் சொல்லிவிட்டோம். பலெர்மோ அண்ணா, செப்டம்பரில் நீங்கள் ஊரில் இருப்பீர்களா?

பலெர்மோத்_தெரு (ஏப்ரல் 4)

இருப்பன் தங்கச்சி. மலைக்கு ஏற சப்பாத்து கொண்டு வாங்கோ.